நாலு விரல் தண்ணீர்

“இன்னும் நாலு விரல் எறக்குண்ணா. அப்பத்தான் அதுக்குத் தோதா இருக்கும்” என்றான் லோகேஷ்.

வசந்தகுமார் இடது கையால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையின் நாலு விரல்களையும் சேர்த்துத் தொட்டியின் கண்ணாடிமேல் படுக்கவைத்தான். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஆள்காட்டி விரல், அதற்குக் கீழே மற்றவை. சுண்டுவிரல் முடிந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்தான். மூன்றடித் தொட்டி. அதன் மூடியை லோகேஷே பிளைவுட்டில் மைக்கா ஒட்டி, உள்ளே சின்ன ட்யூப்லைட் வைத்துச் செய்திருந்தான். நல்ல கனம். கீல் பிடுங்கிக்கொண்டு வந்து வருஷம் ஒன்றாகிறது. ஒரு கை மூடியைத் தாங்கினால்தான் இன்னொரு கை உள்ளே போக முடியும். இரண்டு கை வேண்டிய வேலை என்று லோகேஷ் கூப்பிட்டதால்தான் வசந்தகுமார் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறான். லோகேஷ் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவன் செய்வான். லோகேஷின் வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது.

பச்சை ட்யூபின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். பாசித் தண்ணீர் நாக்கைத் தொட்டதும் முனையை வாளிக்குள் விட்டான். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. ஃபில்டரை லோகேஷ் முன்பே நிறுத்தியிருந்தான். தொட்டியில் இருப்பது ஒரு ஜோடி கௌராமி, கொளத்தூரிலிருந்து வாங்கி வந்தது. மற்ற மீன் மாதிரி இல்லை இது. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஆண் மீன் வாயால் குமிழி குமிழியாக நுரை விட்டுத் தண்ணீருக்கு மேலே ஒரு கூடு கட்டும். முட்டை அதில்தான். தண்ணீர் ஆழமாக இருந்தால் பொரிந்து விழுகிற குஞ்சு மேலே ஏற முடியாமல் அடியிலேயே சாகும். மூடி சரியாக உட்காராமல் வெளிக்காற்று பட்டாலும் சாகும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நிற்கிற காற்று, தண்ணீரின் வெதுவெதுப்பிலேயே இருந்தாக வேண்டும். இதெல்லாம் வசந்தகுமார் இந்த மூன்று மாதத்தில் கற்றது. அதற்கு முன்னால் மீனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் குழம்புக்கு எது ருசி என்பதுதான்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினான். போன வாரமும் அப்படி நினைத்துத்தான் கிளம்பினான், அதற்கு முந்தின வாரமும். ஆனால் இன்றைக்கு விட்டால் இனி நாள் இல்லை. நாளைக் காலை பதினோரு மணிக்கு லேபர் ஆபீசில் விசாரணை. அங்கே அதிகாரி இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் கேட்பார்.

நடந்தது இதுதான். வசந்தகுமாருக்குக் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் ப்ரெஸ் லைனில் வேலை. பதினோரு வருஷ பர்மனென்ட், நீலச் சட்டை. லோகேஷ் காண்ட்ராக்ட், சாம்பல் சட்டை. மெஷினுக்குள் கை வைக்கும் முன் அதன் ஸ்விட்சை அணைத்து ஒரு சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் போட்டவனுடைய போட்டோவும் பெயரும் தொங்கும். அதை அவன் மட்டும்தான் கழற்றலாம். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், பூட்டு இல்லை என்றால் ஆள் இல்லை. அங்கே இதுதான் வேதவாக்கு. உள்ளே போகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைப் போட வேண்டும் என்று சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தால் ஆயிற்றா? காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பூட்டே கிடையாது. வெளியிலிருந்து ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் காலையில் ஆளுக்கொன்று கொடுத்து, சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் நீலச் சட்டை தன் பூட்டைப் போடும், சாம்பல் சட்டை உள்ளே போகும். வேலை முடிந்ததும் நீலச் சட்டை மெஷினுக்குப் பின்னால் சுற்றிப் போய், இரும்புத் தடுப்பை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி, ஆள் வெளியே வந்ததைப் பார்த்த பிறகு பூட்டைக் கழற்றும். இந்த இரண்டு தட்டு எந்தச் சுவரிலும் எழுதியில்லை. ஆட்களே வைத்துக்கொண்ட முறை அது.

அன்று முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம். தகட்டை அழுத்துகிற அச்சான டைக்குள் துண்டுத் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. வசந்தகுமார் பூட்டைப் போட்டு, லோகேஷைப் பின்பக்கமாக உள்ளே அனுப்பினான். கம்பெனி பஸ் இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பிவிடும். இரண்டு நாற்பது ஆகும்போது கை கழுவுகிற இடத்தில் சாம்பல் சட்டை, தொப்பி, மாஸ்க்கோடு ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். லோகேஷின் உயரம்தான், லோகேஷின் ஒல்லிதான். வந்துவிட்டான் என்று வசந்தகுமார் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பின்னால் சுற்றிப் போகவில்லை, தட்டவில்லை. அவன் பார்த்தது சட்டையை, ஆளைப் பார்க்கவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த அருள்பாண்டி, பூட்டு இல்லாத மெஷினைப் பார்த்தான், ஸ்விட்சைப் போட்டான், பட்டனை அழுத்தினான். வசந்தகுமாருக்கு அன்று வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை, அவசரமும் இல்லை. முன்னாலேயே போனால் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும். அவ்வளவுதான். ஒரு மனிதனின் கை அவ்வளவுக்குப் போயிற்று என்பதை எந்த வாயால் சொல்வது?

மூன்றாம் நாள் எச்.ஆர். ஷ்ரவண் சார் ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, மிகவும் மரியாதையாக, வசந்தகுமார் சொல்வதாக எழுதிய ஒரு தாளை நீட்டினார். என் வேலை முடிந்தது, என் பூட்டை நான் எடுத்தேன், அப்போது மெஷினில் யாரும் இல்லை, நான் யாரையும் உள்ளே அனுப்பவில்லை. லோகேஷ் யாரையும் கேட்காமல் தானாகப் போய்க் கை விட்டான் என்று அதில் எங்குமே எழுதியில்லை. ஆனால் படிக்கிறவனுக்கு வேறு அர்த்தம் கிடைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைப்பதற்குச் சோறு போட்டவன் தான்தான் என்று வசந்தகுமாருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டான். வீட்டில் அமலாவிடம் மட்டும் சொன்னான். அவள், உண்மையைச் சொன்னால் போன கை முளைக்கவா போகிறது, நம் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும், அவ்வளவுதானே என்றாள். அவள் கெட்டவள் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறவள்.

நாளைய விசாரணையில் அதிகாரி ‘தொழிலாளியின் சொந்தத் தவறு’ என்று எழுதிவிட்டால் லோகேஷ் இனிக் கம்பெனி வாசலை மிதிக்க முடியாது. அப்படி எழுதவில்லை என்றால், ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றைக் கம்பெனி அவனுக்கு நிரந்தரமாகத் தந்தாக வேண்டும். இருபத்து நாலு வயசில் இடது கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த லைனில் போய் நிற்பான்? இருந்த நிலமும் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போயாயிற்று. அம்மா பாஞ்சாலி தண்டலத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். அந்த ஸ்டோர்ஸ் வேலைக்காக அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறாள்.

வாளி நிறைந்ததும் பாஞ்சாலி வந்து எடுத்துக்கொண்டு போனாள். காலி வாளியைத் திருப்பி வைக்கும்போது, “கூடப் பொறந்தவன் இருந்தாகூட இப்டி வாரா வாரம் வரமாட்டான் தம்பி. நீ நல்லா இருக்கணும்” என்றாள்.

வசந்தகுமார் ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் இப்படி அவள் சொல்லும்போதெல்லாம் கேட்காதது போலத் திரும்பிக்கொள்வான். போகப் போக அது கொஞ்சம் பழகியது. அதற்கும் பிறகு, சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, அது பிடிக்கவும் ஆரம்பித்தது. தொட்டியைக் கழுவி, தண்ணீர் மாற்றி, செத்த இலையைப் பொறுக்கிவிட்டுத் திரும்பும்போது ஏதோ கடனில் கொஞ்சம் அடைத்துவிட்டது போல மனசு லேசாகும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் நன்றாகத் தூக்கம் வரும். இப்படியே வாரா வாரம் வந்துகொண்டிருந்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கிறான்.

பாஞ்சாலி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. ஆண் மீன் மேலே வந்து ஒரு குமிழியை விட்டுவிட்டுக் கீழே போனது. நேற்றிலிருந்து கட்டுகிறது என்று லோகேஷ் சொன்னான். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நுரை மிதந்தது. தண்ணீர் இறங்க இறங்க நுரையும் சேர்ந்து இறங்கியது. அது கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ட்யூபை இவ்வளவு மெதுவாக விடச் சொன்னான். வசந்தகுமார் கையை அசைக்காமல் பிடித்திருந்தான். தோள் வலித்தது. மூடியை எங்காவது சாய்த்து வைக்கலாம் என்றால், கழற்றி வைத்தால் சூடு போய்விடும் என்று லோகேஷ் விடமாட்டான்.

“லோகேஷு” என்று ஆரம்பித்தான்.

“கோட்டுக்கு வந்துச்சு பாரு. ட்யூப எடு.”

எடுத்தான். தண்ணீர் கோட்டில் நின்றது. நுரை கலையவில்லை. லோகேஷ் குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, “நாளைக்கு உன்னையும் கூப்ட்டுகீறாங்க இல்ல?” என்றான்.

“ஆமா.”

“இன்னா சொல்லப் போற?”

வழியெல்லாம் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தான். வாயைத் திறந்தபோது வந்தது வேறு. “உன்னப் பத்தி நான் தப்பா சொல்லுவேனா? நல்லபடியாத்தான் சொல்லுவேன்” என்றான். சொன்ன கணமே தன் குரல் ஷ்ரவண் சாரின் குரல் மாதிரி மரியாதையாக இருப்பது அவனுக்கே கேட்டது.

லோகேஷ் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “லேபர் ஆபீசுலேர்ந்து நீ குடுத்த தாளோட காப்பி தபால்ல வந்துச்சுண்ணா. புதன்கெழமையே வந்துச்சு. எல்லாம் இங்கிலீசு. ஆனா கையெழுத்து நீ தமிழ்லதான் போட்டுகீற.”

அடுப்பங்கரையில் பாஞ்சாலி தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. வசந்தகுமார் மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். எல்லாவற்றையும் இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. “அன்னைக்கு, கை கழுவுற எடத்துல உன்னப் பாத்தேன்டா. நீ வெளிய வந்துட்டன்னு…”

“அது மாரிசெல்வம்ணா.”

வசந்தகுமாருக்கு மாரிசெல்வம் யார் என்று உடனே பிடிபடவில்லை. அதே லைனில் எட்டு மாதமாக நிற்கிறவன். மதுரைப் பக்கத்துப் பையன். ஒரே டேபிளில் டீ குடித்திருக்கிறார்கள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றான் லோகேஷ். குரலை உயர்த்தவில்லை. “உள்ள படுத்துகினு பாத்தா அந்தச் சந்துல ஸ்விட்சு தெரியும். ஒரு நீலச் சட்டைக் கை வந்துச்சு, பூட்ட எடுத்துச்சு. உன் கைதான். கயிறு கட்டிகீற இல்ல, செவப்புக் கயிறு. தகடு பாதி வெளிய வந்துகினு இருந்துச்சு. சரி, அண்ணன் இப்ப பின்னால வரும், ரெண்டு தட்டு தட்டும், அதுக்குள்ள இத்த இழுத்துடலாம்னு இருந்தேன். தட்டுவன்னுதான் இருந்தேன்.”

மன்னிப்பு என்கிற வார்த்தையை வசந்தகுமார் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற வார்த்தை போல அது எங்கோ தூரத்தில் இருந்தது. “ஏண்டா” என்றான் கடைசியில். “ஏண்டா மூணு மாசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“நான் சொன்னா எவன் நம்புவான்? கை போன காண்ட்ராக்ட்டு அண்ணன் தலையில போடப் பாக்குறான்னு சொல்லுவானுங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீயா சொல்லுவன்னு இருந்தேன். அதுக்குத்தான் வாரா வாரம் கூப்ட்டேன்.”

இது முழுதாக உள்ளே இறங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் லோகேஷ் நாற்காலியிலிருந்து எழுந்து, “கைய எடு” என்றான். வசந்தகுமாருக்குப் புரியவில்லை. “மூடிய வுடுண்ணா, நான் பாத்துக்கறேன்.”

லோகேஷ் வலது முன்கையை மூடிக்கு அடியில் கொடுத்தான். கை முடிகிற இடத்தில் ஒரு பழைய பனியன் துணி சுற்றியிருந்தது. மூடியின் விளிம்பு மிகச் சரியாக அந்தத் துணிமேல் வந்து உட்கார்ந்தது. இடது கையால் மறுபக்கத்தைப் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அணைத்து, மெல்ல மெல்ல இறக்கினான். கடைசி அங்குலத்தில் முன்கையை உருவிக்கொண்டு, நாலு மூலையையும் விரலால் ஒரு அழுத்து அழுத்தினான். நுரைக்கூடு அசையவில்லை. பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்து, வயர் வெளியே வருகிற இடுக்கில் செருகி அடைத்தான். திங்களிலிருந்து சனி வரைக்கும் இந்த மீனுக்கு யார் தீனி போடுகிறார்கள், யார் மூடியைத் திறக்கிறார்கள் என்று வசந்தகுமார் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

உள்ளேயிருந்து பாஞ்சாலி சாப்பிடக் கூப்பிட்டாள். வசந்தகுமார் வண்டிச் சாவியைத் தேடினான். லோகேஷ் தாழ்ந்த குரலில், “ஒக்காரு, சாப்ட்டுப் போ. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. காலைலேர்ந்து உனக்குன்னுதான் கோழி செஞ்சுகினு கீது. இப்ப எழுந்து போனா, ஏன்னு என்னக் கேக்கும்” என்றான். பிறகு, “நாளைக்கு இன்னா சொல்லப் போறன்னு இன்னும் நீ ஒண்ணும் சொல்லல” என்றான்.

வசந்தகுமார் கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். பாசி வாசனை போகவில்லை. மறுபடியும் சோப்புப் போட்டான். நாளை அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பூட்டை எடுத்தது நான், உள்ளே அனுப்பியதும் நான் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தான். ஷ்ரவண் சார் முகத்தை நினைத்துப் பார்த்தான். அமலா, சின்னவளின் ஸ்கூல் வேன் எல்லாம் நினைவுக்கு வந்தன. பயமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்தான். லோகேஷ் எங்கும் போய்ச் சண்டை போடமாட்டான், ஊரைக் கூட்டமாட்டான். பேசாமல் இருந்துவிடுவான். அதை நினைக்கையில்தான் மூன்றாவது முறையும் சோப்பை எடுத்தான்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. லோகேஷ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலி எதிரில் ஒரு பெரிய அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு சோற்றில் கோழிக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்பூனில் சாப்பிடப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். லோகேஷும் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துப் பார்த்தான். பிள்ளை இடது கையால் சோறு தின்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டு வேளை பார்த்துவிட்டு ஸ்பூனை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கையால்தான் அவனுக்குச் சாப்பாடு.

வசந்தகுமாருக்குத் தனியாகத் தட்டு வைக்க எழுந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். “தட்டு இன்னாத்துக்கு? நீயும் எனக்குப் புள்ள மாதிரிதான். கைய நீட்டு தம்பி” என்றாள்.

லோகேஷ் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

வசந்தகுமார் வலது கையை நீட்டினான். அவள் ஒரு உருண்டையைப் பிடித்து, நடுவில் ஒரு கறித்துண்டைப் புதைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்ததைப் பிடித்து மகன் வாயில் கொடுத்தாள். லோகேஷ் வாங்கி மென்றான். கண் இவன்மேல் இருந்தது. சோற்றுச் சூடு வசந்தகுமாரின் உள்ளங்கையைச் சுட்டது. விரலிடுக்கில் குழம்பு இறங்கி மணிக்கட்டுக்கு வழிந்தது. அவன் கையை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. பாஞ்சாலி அடுத்த உருண்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு, அந்தக் கை காலியாவதற்காகக் காத்திருந்தாள்.